சைக்கிள் ரியூப் ஒட்டிய பக்கம்

உன் கொப்பியை விரித்ததும் முதலில் வந்தது சொலூசன் மணம். சைக்கிளுக்கு ஒட்டுப்போடும்போது வருமே, அந்த மணம். இருபது வருடமாகியும் அது போகவில்லை, அல்லது போய்விட்டதை என் மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை உன் அம்மா பரந்தனிலிருந்து பஸ் ஏறி விசுவமடுவுக்கு வந்தார். கதிரையில் இருந்து ஒரு மிடறு தேத்தண்ணி குடித்துவிட்டு, பையிலிருந்து அந்த நீல மட்டைக் கொப்பியை எடுத்து நீட்டினார். "இதை உன்னட்டைக் குடுக்கச் சொல்லிப்போட்டுத்தான் பிள்ளை அவள் கண்ணை மூடினவள்" என்றார். உயர்தர வகுப்பில் நாம் இருவரும் மாறி மாறி எழுதிய உயிரியல் கொப்பி. இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் நாங்கள் அம்மாவின் கலியாணப் படத்தைக்கூட விட்டுவிட்டு வந்தோம். உன் வீட்டில் இதை அரிசிப் பைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். உன் அம்மாவும் அழுதார். அன்று அழுததை நினைத்தால் இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கொப்பி தானாகவே பின்மூளைப் பக்கத்தில்தான் விரியும். ரியூப் துண்டு அதில் மேடாக ஒட்டியிருக்கிறது, வேறு எங்கே விரியப்போகிறது.

அந்தப் பாடம் வந்த கிழமை உனக்கு நினைவிருந்திருக்கும். கருவில் மூளை முதலில் வெறும் குழாய்தான். நாலாம் கிழமையளவில் அது மூன்று இடத்தில் வீங்குகிறது: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. அதுவரைக்கும் எனக்குப் பிரச்சினையில்லை. அந்தக் குழாய் வளைகிறபோது பின்மூளையின் கூரை மட்டும் ஏன் சாய்சதுரமாகத் திறக்கிறது என்பதுதான் என் மண்டையில் ஏறவில்லை. சேர் கரும்பலகையில் கீறினார். நான் பார்த்துக் கீறிப் பாடமாக்கினேன். கேட்டால் ஒப்புவிப்பேன், விளங்கினால்தானே.

அடுத்த நாள் நீ சைக்கிள் கடையில் எறிந்திருந்த ரியூப் துண்டொன்றைக் கொண்டுவந்தாய். பிளேட்டால் அதன் முதுகில் நீளமாகக் கிழித்தாய். பிறகு இரண்டு நுனியையும் பிடித்து முதுகுப் பக்கமாக மடக்கினாய். கிழித்த கோடு இரண்டு பக்கமும் விலகி, வாய் திறந்து, அச்சொட்டாகச் சாய்சதுரமாக நின்றது.

"இதுதான்டி நாலாம் மூளையறை. இந்த ரண்டு விளிம்பும் தடிச்சு, ரண்டு பக்கத்தாலையும் வளர்ந்து வந்து நடுவிலை சந்திக்கும். சந்திச்சா சிறுமூளை. விளங்கிச்சோ?"

"சந்திக்காட்டி?" என்று கேட்டேன்.

"அது சிலபஸிலை இல்லை" என்றாய்.

இருவரும் சிரித்தோம். சிறுமூளையைப் பாடப்புத்தகம் மூளி என்றது. ஊரில் அது ஏசுகிற சொல் என்று நீ கடைசிவரைக்கும் அதைக் கொப்பியில் ஏற்றவில்லை, சிறுமூளை என்றே எழுதினாய். பக்கத்தின் நடுவில் ரியூப்பை ஒட்டி, அதைச் சுற்றி அம்புக்குறி போட்டாய். மேலே சிறுமூளை, முன்னே பாலம், கீழே நீள்வளைய மையவிழையம். மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அங்கே, தடுமாறாமல் நிற்பது இங்கே என்று உன் குண்டு எழுத்தில் குறித்தாய்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நான் கம்பஸுக்குப் போய், உயிரியல் படிப்பிக்கிறவளாக வந்தேன். எனக்கு விளங்கவைத்த உனக்குக் கொஞ்சம் புள்ளி குறைந்தது, நீ மருத்துவ மாதுப் பயிற்சிக்குப் போனாய். ஊருக்கு நீ மிட்வைஃப் மிஸ். எனக்கு எப்போதும் வகுப்பில் அதே பக்கத்து வாங்குக்காரி.

அந்த ரியூப் துண்டின் பிளவுக்குள் நாலாக மடித்த தாளொன்று செருகியிருந்தது. கடிதம் என்று நினைத்துத்தான் விரித்தேன். கடிதமில்லை, ஸ்கான் அறிக்கை. என் பெயர், என் வயது, கர்ப்பம் இருபத்தொரு கிழமை. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. சிறுமூளையின் நடுப்பகுதி சிறிதாக இருக்கிறது. நாலாம் மூளையறை பின்பக்கம் திறந்து நீர் கட்டியிருக்கிறது. இரண்டு கிழமையில் பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்க்க வேண்டும். தாய்க்கு விளக்க வேண்டும்.

அந்தத் தாய் நான். ஒன்பது வருடம் கழித்து, விளக்க வேண்டியவளின் அந்தியேட்டிச் சாப்பாட்டையும் சாப்பிட்ட பிறகு, எனக்கு விளக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த நாளை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்க்கிறேன். கிளிநொச்சிக்கு நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அதற்கு முன் இரண்டு கரு எனக்குத் தங்கவில்லை. பயத்தில் நான் பஸ்ஸில் உன் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். படம் பார்த்து முடிந்ததும் நான் மறைப்புக்குப் பின்னே சேலையைச் சரிசெய்ய, நீ டொக்டரோடு இங்கிலிஷில் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாய். கொஞ்சம் அதிக நேரம்தான் கதைத்தாய். வெளியே வந்து, "எல்லாம் நல்ல வடிவா இருக்காம். ஆள் உள்ளுக்கை நீச்சலடிக்குது" என்றாய். றிப்போட்டைக் கேட்டேன். "கிளினிக் கோவையிலை வைக்க வேணும். என்னட்டை இருக்கட்டும்" என்றாய்.

கர்ப்பிணிக்கு இரண்டு அட்டை. ஒன்று தாயின் கையில், மற்றது மருத்துவ மாதுவிடம். இரண்டிலும் ஒன்றையே எழுத வேண்டும், அதுதான் உங்கள் வேலை முறை. என் அட்டையை முழங்காலில் வைத்து, ஸ்கான் சாதாரணம் என்று எழுதினாய். உன் அட்டையில் என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்? திரும்பும்போது பரந்தன் சந்தியில் இறங்கி ரோல்ஸ் வாங்கினோம். உன்னுடையதையும் எனக்கே தந்து, "ரண்டு பேருக்குச் சாப்பிடு" என்றாய். அன்பு என்று நினைத்துச் சாப்பிட்டேன். உனக்கு அப்போது தொண்டைக்குள் ஒன்றும் இறங்கியிராது என்று இப்போதுதான் தெரிகிறது.

எங்கள் பக்கத்துப் பழக்கம் எனக்குத் தெரியாததல்ல. பிள்ளைத்தாச்சிக்குக் கெட்ட கதை சொல்லக்கூடாது. என் சின்னையா செத்ததையே எட்டாம் நாள் செலவு கழிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டுச் சிரித்தவள் நீ. "வயித்திலை இருக்கிறதுக்குக் காதும் கேக்காது, பேப்பரும் வாசிக்கத் தெரியாது" என்று என் மாமியின் முகத்துக்கு நேரே சொன்னவள். உனக்கும் அந்தப் பழக்கம் இரத்தத்தில் இருந்திருக்கிறது. சரி, அதைக்கூட விடலாம். நான் இரண்டு தரம் இழந்தவள், சொன்னால் உடைந்துபோவேன் என்று பயந்திருப்பாய். எப்படியும் பெறத்தான் போகிறாள், நாலு மாதமாவது சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். உனக்காக நானே வழக்குப் பேசுகிறேன் பார், பழைய பழக்கம்.

ஆனால் பிறந்த பிறகு நான் பிள்ளைத்தாச்சி இல்லையே.

ஏழாம் மாதத்தில் நான் ஸ்கூட்டியோடு விழுந்தேன். "இனி ஸ்கூட்டியைத் தொடாதை" என்று நீ சொல்லியிருந்தாய். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று எடுத்தேன். மதகடியில் கொட்டியிருந்த மணலில் சில்லுச் சறுக்கி, அப்படியே நிலத்தில் இருந்தேன். முழங்கால் உரசியதைத் தவிரக் காயமில்லை, பிள்ளையும் வயிற்றில் துடித்தது. நீ ஓடிவந்து பார்த்துவிட்டு ஏசினாய். பிறகு ஆரணி நாள் கணக்குக்குப் பிறந்தாள், நிறையும் தேவைக்குக் காணும், குரலும் காணும். எல்லோருக்கும் நான் விழுந்தது மறந்துபோயிற்று.

ஒரு வயதாகியும் அவள் நேராக நிமிர்ந்து இருக்கவில்லை. ஒன்றரை வயதில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். நீயும் வந்தாய். தலையைப் படமெடுத்த டொக்டர், சிறுமூளையின் நடுப்பகுதி வளர்ச்சி குறைவு என்று சொல்லிவிட்டு, "வயித்திலை இருக்கேக்கை ஏதும் நடந்ததோ? பழைய ஸ்கானுகளிலை ஏதும் சொன்னவையோ?" என்று கேட்டார். நான் விழுந்ததைச் சொன்னேன். ஸ்கானைப் பற்றிக் கேட்டதும் உன் பக்கம் திரும்பினேன். நீ மடியில் இருந்த பையின் சிப்பைத் திறந்தாய், மூடினாய்.

"நோமல், டொக்டர்" என்றாய்.

"அப்ப எப்ப வந்ததெண்டு சொல்லேலாது" என்று அவர் எழுதத் தொடங்கினார்.

அந்த ஒரு சொல்லில்தான் என் ஏழு வருடம் போயிற்று. மாமிக்கு அன்று தொடங்கியது: "சொல்வழி கேளாமல் ஓடித் திரிஞ்சு பிள்ளையை இப்பிடி ஆக்கிப்போட்டாள்." ஊருக்கு அது கதை. எனக்கு என் படிப்பே எதிர்ச்சாட்சி சொன்னது. மூளையில் சிறுமூளை ஒரு மந்தக்காரி. மற்றவை முந்திக்கொள்ள, அது ஆறுதலாக இருந்துவிட்டு, கடைசி மூன்று மாதத்தில்தான் மளமளவென்று வளரும். இதை நான் வருடா வருடம் படிப்பிக்கிறவள். விழுந்தது ஏழாம் மாதம். வேறு யார் காரணம்? வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் படத்தைக் கீறவிட்டுவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடிப்பேன். பிள்ளைகள் ரீச்சருக்குப் பிரஷர் என்று கதைத்துக்கொண்டார்களாம்.

அதே வாங்கில் இருந்து அதே பாடத்தைப் படித்தவள் நீ. என் தலைக்குள் எந்தக் கணக்கு ஓடுகிறது என்று உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். அது பிழை என்றும் உனக்கு மட்டும்தான் தெரியும். தாளில் இருக்கிற திகதி நான் விழுவதற்கு இரண்டு மாதம் முந்தியது.

நீ ஞாயிறு தவறாமல் வந்தாய், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாயாற்றுப் பக்கம் வேலை பார்த்தபோது, மீன்பிடிக்கிற சனத்திடம் தடித்த வலைக்கயிறு கேட்டு வாங்கி வந்து, எங்கள் வளவில் வேம்புக்கும் மாமரத்துக்கும் இடையில் ஆரணியின் நெஞ்சளவு உயரத்தில் கட்டினாய். அவள் வளர வளரக் கயிற்றை அவிழ்த்து உயர்த்திக் கட்டினாய். "விழு. விழுந்தால்தானே எழும்பலாம்" என்று அவளை ஏவிவிட்டாய். அவள் முதல்முறை கயிற்றை விட்டுவிட்டு மூன்று அடி வைத்தபோது நீ அழுதாய், நான் அழவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. யாருக்கும் ஒன்றும் தெரியாத மூன்றாம் மாதத்திலேயே நீ எண்ணெய் பூசுகிற சாட்டில் அவள் கால்களை மடக்கி நீட்டுவாய், கிலுக்கட்டியை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் காட்டுவாய். விளையாட்டு என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லாமல் என் பிள்ளைக்கு வைத்தியம் செய்திருக்கிறாய்.

அந்த ஞாயிறுகளில்தான் நான் உன்னிடம் சொல்வேன். எத்தனை தரம் சொன்னேனோ. "நான்தான்டி இவளை விழுத்தினனான்." நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய். கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு, "சும்மா கதையாதை" என்பாய். ஒவ்வொரு தரமும் அந்த இரண்டு சொல்தான். என்னைத் தேற்றுகிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னது உண்மைதான், அதுதான் எனக்கு ஆறவில்லை. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஆறுதல் மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாய்.

என் கணவரிடம் தாளைக் காட்டினேன். வாசித்தார், மடித்தார், திருப்பித் தந்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று முகத்தில் கண்டேன். "அவாவே போயிட்டா. செத்தவவோடை இனி என்ன சண்டை?" என்றார். செத்தவளோடுதான் சண்டை. நீ உயிரோடு இருந்தபோது எனக்குச் சண்டைக்கு ஒரு காரணமும் தெரியாதே.

பொறாமையோ என்றும் ஒரு பொழுது யோசித்தேன். நான் கம்பஸ் போனதும், நீ போகாததும், உனக்குக் கலியாணம் பொருந்தாததும். யோசித்ததற்காக என்னையே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. என்னை இப்படி யோசிக்க வைத்ததும் நீதான். உன்னோடு இருந்த இருபது வருடத்தில் எதை எடுத்துப் பார்த்தாலும் இப்போது இரண்டு அட்டை தெரிகிறது, எனக்கு எழுதியது ஒன்று, உனக்குள் எழுதியது ஒன்று. அந்த ரோல்ஸ், அந்தக் கயிறு, ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாயே, அது.

அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தாய். வாய் உலர்ந்திருந்தது. பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தேன். "என்ன?" என்று குனிந்து கேட்டேன். "கயித்தை உயர்த்திக் கட்டு, அவள் வளர்ந்திட்டாள்" என்றாய். அவ்வளவுதான். அதற்கு மூச்சு இருந்தது. அதற்குப் பிறகும் கொப்பியைக் கொடுக்கும்படி உன் அம்மாவிடம் சொல்ல உனக்கு மூச்சு இருந்திருக்கிறது. ஒரு வரி எழுதியிருக்கலாம். கேள்வி கேட்க முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பதிலை அனுப்பியிருக்கிறாய். நீ பயந்தாங்கொள்ளி. ரியூப்பை வெட்டக் கை நடுங்காதவள், என் முகத்தைப் பார்க்கப் பயந்துவிட்டாய்.

போன ஞாயிறு கயிற்றை உயர்த்திக் கட்டினேன். என் முடிச்சு உன்னுடையதுபோல் இறுகவில்லை. ஆரணி பாதித் தூரம் போனதும் அது நழுவ, அவள் முழங்கால் அடிபட விழுந்தாள். நான் பதறி ஓடினேன். மணலைத் தட்டிக்கொண்டு அவள் என்னைத் தேற்றினாள்.

"பரவாயில்லையம்மா. நீங்களும் விழுந்தனீங்கள்தானே."

அவள் அதை எப்போதும் சொல்வாள். குற்றமாகச் சொல்வதில்லை. அம்மா விழுந்தா, நான் விழுகிறேன், இருவருக்கும் ஒரே விழுகிற வருத்தம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. மாமியின் கதையைக் கேட்டுக் கேட்டு அதையே தன் பிறந்த கதையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மணலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஆரணி, அம்மா விழுந்ததாலை இல்லை. அதுக்கு முந்தியே உன்ர தலைக்குள்ளை அப்பிடித்தான் இருந்தது. ஒருத்தரும் செய்யேல்லை."

என்னை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்ரி ஒரு தாள் வச்சிருந்தவா. அதிலை இருக்கு."

"அப்ப நீங்கள் செய்யேல்லை?"

"இல்லையம்மா."

அவள் என் முகத்தைத் தன் கையால் தடவப் பார்த்தாள். கை வழக்கம்போல ஒருமுறை என் காதுப் பக்கம் போய், திரும்பி வந்துதான் கன்னத்தைப் பிடித்தது. எனக்கு அப்போது வந்த அழுகை, கொப்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது மாதிரி இல்லை. பிறகு அவளுக்கு யோசனை ஓடியது. நடைதான் தளம்பும், மூளை கூர்மை, உன்னிடம் பழகிய வாய் அதைவிடக் கூர்மை.

"அப்ப அன்ரிக்கு முந்தியே தெரியும். ஏன் அவா உங்களுக்குச் சொல்லேல்லை? நீங்கள் அழேக்கை அவா இஞ்சைதானே நிண்டவா."

இத்தனை நாளாக எழுத்தெழுத்தாக அடுக்கி வைத்திருந்த ஏச்செல்லாம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடியது, சொல்லக்கூடாதது எல்லாம் இருந்தது. அவள் உன் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் முடிச்சைப் பார்த்தேன்.

"சும்மா கதையாதை. எழும்பு, மற்றப் பக்கமும் நட" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று எனக்குக் கேட்டது. நான் முடிச்சைத் திரும்ப இறுக்கிவிட, அவள் எழும்பி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகல அகல வைத்து வேம்பை நோக்கிப் போனாள். நான் மாமரத்தோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அங்கே இருந்துகொண்டு நினைக்காதே. மன்னிக்கவில்லை. அவளிடம் உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. தாளைத் திரும்பவும் அந்த ரியூப்புக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறேன். அவள் உயிரியல் படிக்கிற வயது வந்ததும் அந்தப் பக்கத்தை விரித்து, நீ எனக்குக் காட்டியது போலவே மடக்கிக் காட்டுவேன், சிலபஸில் இல்லாததையும் சேர்த்து. அவள் கேட்பதற்கெல்லாம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். நான் உயிரோடு இருக்கும்போதே சொல்வேன்.